வெற்றிக்காகத் தன் ஆன்மாவையே விற்ற குத்துச்சண்டை வீரர் நிஜத்தில் யாராவது உண்டா?

உண்டு. அமெரிக்க வீரர் ஜேக் லமோட்டா. அவரிடம் பேரம் பேசியது சூதாட்டக் கும்பல். கேட்டது ஒரே ஒரு ஆட்டம்.

1943-ல் டெட்ராய்ட்டில் சுகர் ரே ராபின்சனுக்குத் தொழில்முறை ஆட்டத்தில் முதல் தோல்வியைக் கொடுத்தவர் லமோட்டா. அந்தத் திறமைக்கு மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு எப்போதோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு யார் யாரோடு மோதுவது என்பதைப் பின்னாலிருந்து ஆட்டிவைத்தது ஃபிராங்கி கார்போ என்ற மாஃபியா ஆசாமி. லமோட்டா அந்தக் கும்பலுக்குப் பிடிகொடுக்காமல் பல வருடம் தள்ளினார். கடைசியில் இறங்கி வந்தார்.

1947 நவம்பர் 14, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன். எதிரே பில்லி ஃபாக்ஸ். அவருடைய மேனேஜர் பிளிங்கி பலேர்மோ, கார்போவின் கூட்டாளி. பட்ட வாய்ப்புக்குப் பதிலாகத் தோற்க ஒப்புக்கொண்ட லமோட்டாவுக்குக் கீழே விழ மட்டும் மனம் வரவில்லை. கயிற்றில் சாய்ந்து நின்று அடி வாங்கினார். நான்காவது சுற்றில் நடுவர் நிறுத்திவிட்டார். ஏதோ நடந்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கே சந்தேகம். கடைசியில், காயத்தை மறைத்தார் என்று சொல்லி 1,000 டாலர் அபராதமும் ஏழு மாதத் தடையும் போட்டார்கள், அவ்வளவுதான்.

என் அண்ணன் மகன் இங்கே சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் பாக்சிங் பழகுகிறான். பயிற்சி முடிந்து தேக்காவில் பரோட்டாவுக்காகக் காத்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். கையில் சுற்றிய துணிப்பட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை, வியர்வையில் ஊறிப்போயிருந்தது. "அவர் விழவே இல்லையே சித்தப்பா, அப்புறம் எப்படித் தோல்வி?" என்றான். பதிவேட்டில் அது தோல்விதான் என்றேன். ஆனால் அவன் ஏன் கேட்டான் என்று புரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்து கோச் கத்துவதெல்லாம் ஒன்றுதான்: மோவாயை இறக்கு, கையை இறக்காதே. களைத்துப்போய் மூச்சு வாங்கும்போதுகூடக் கை தானாக முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் உடம்புக்குள் ஏற்றிய அந்தப் பழக்கத்தை ஒருவர் வேண்டுமென்றே அடக்கிக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், ஆன்மாவை விற்பது என்றால் எனக்கு அதுதான்.

சரி, விலை கிடைத்ததா? கிடைத்தது. கும்பலுக்கு 20,000 டாலர் தனியாகக் கொடுத்த பிறகு! 1949 ஜூனில் அப்போதைய சாம்பியன் மார்செல் செர்டானோடு மோதினார். முதல் சுற்றிலேயே தோள் பிசகிய செர்டானால் பத்தாவது சுற்றுக்கு எழுந்து வர முடியவில்லை. பட்டம் லமோட்டாவுக்கு. மறுமோதலுக்காக அமெரிக்கா புறப்பட்ட செர்டான் அதே அக்டோபரில் விமான விபத்தில் இறந்துபோனார். 1951 பிப்ரவரியில் ராபின்சன் 13-வது சுற்றில் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். அன்றைக்கும் லமோட்டா விழவில்லை. மொத்தம் இரண்டு வருடம்கூட நிலைக்காத பட்டம்.

1960-ல் அமெரிக்க செனட் விசாரணையில், ஃபாக்ஸ் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றேன் என்று லமோட்டாவே சொன்னார். மறுவருடம் கார்போவுக்கு 25 ஆண்டும் பலேர்மோவுக்கு 15 ஆண்டும் சிறை. ஆனால் அது டான் ஜோர்டன் என்ற வேறொரு வீரர் தொடர்பான மிரட்டல் வழக்கு.

சிலர் அவருக்காக வாதாடுவார்கள்: தோற்றதற்குக் காசு வாங்கவில்லை, வாய்ப்பைத்தானே வாங்கினார் என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டப்படி பணம் மட்டும் லஞ்சம் இல்லை, பதவியும் சலுகையும்கூட லஞ்சம்தான். ஐந்து ஆண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். அன்று டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் நிஜமான சண்டைக்குத்தானே காசு கொடுத்தார்கள்?

ஆனாலும் என் கோபம் முதலில் கார்போ மீதுதான். நியாயமாக லமோட்டாவுக்குச் சேர வேண்டிய வாய்ப்பு அது. அதை அவருக்கே விலைக்கு விற்றார்கள்.