கடப்பா கல்லுக்கு அடியில காலியா இருக்கா? பாயிண்டிங்குக்கு அவசரப்படாதீங்க

வீட்டு முன்னாடி முற்றத்துல போட்ட கடப்பா கல்லுல ஜாயிண்ட் எல்லாம் பேந்து போச்சு, குச்சிய விட்டா கல்லுக்கு அடியிலயே நாலு விரக்கடை உள்ள போகுது, கொத்தனார் மேல பாயிண்டிங் மட்டும், அதாவது ஜாயிண்ட்ட சிமெண்ட் கலவையால அடைச்சு பூசுறத மட்டும் பண்ணா போதும்னு சொல்றாரு, சரியான்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க.

பத்தாதுக்கா. அடியில தாங்கல் இல்லாத கல்லு, கால் வைக்கிறப்பவும் பைக் ஏறுறப்பவும் ஒரு நூல் அளவு அசையும், அந்த அசைவே போதும் புது சிமெண்ட் கீறல் விடுறதுக்கு, அப்புறம் வாசல் தெளிக்கிற தண்ணி தினமும் அந்த கீறல்ல இறங்கி மணல அரிச்சுகிட்டே இருக்கும்.

முதல்ல சுத்தியல திருப்பிப் பிடிச்சு கட்டைப் பிடியால ஒவ்வொரு கல்லையும் நடுவுலயும் நாலு மூலையிலயும் தட்டிப் பாருங்க. ணங்னு கேட்டா கெட்டியா இருக்கு. டொப்னு கேட்டா காலி, சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைங்க. மூலையில ஏறி நின்னா ஆடுற கல்ல மட்டும் தயவுசெஞ்சு ஒட்டு வேலை பாக்காதீங்க, கடப்பாரைய வச்சு மெதுவா நெம்பி எடுத்துட்டு, பழைய கலவைய சுரண்டிட்டு, 1:4 கலவைய (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல்) முழுசா பரப்பி, கல்லு முதுகுல சிமெண்ட் பால் (தண்ணியில கரைச்ச சிமெண்ட்) தடவி திரும்ப உக்கார வைக்கணும். நாலு மூலையில நாலு உருண்டை கலவை வச்சு கல்லு போடுறாங்களே, பாதி பிரச்சனைக்கு அதான் காரணம்.

ஆடாம ஓரம் மட்டும் காலியா இருக்குற கல்லுக்கு சிமெண்ட் பால் ஊத்தலாம். ஜாயிண்ட்ட நல்லா சுரண்டி, தூசி, எறும்பு மண்ணு எல்லாம் எடுத்து, லேசா நனைச்சுக்கோங்க, தண்ணி தேங்கக் கூடாது. ஊத்துற பாலுக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு நைஸா சலிச்ச மணல், தோசை மாவ விட கொஞ்சம் நீர்க்க கலக்கணும். ரொம்ப தண்ணியா கலக்குனா மணல் கீழ தங்கிடும், காயும்போது சுருங்கி திரும்ப இடைவெளி விழும். ஊத்துற பக்கத்தயும் அதுக்கு எதிர்ப்பக்கத்தயும் விட்டுட்டு மத்த ஜாயிண்ட்ட களிமண் வச்சு அடைச்சிடுங்க. பாட்டில் கழுத்த வெட்டி புனல் மாதிரி வச்சு ஒரே பக்கத்துல இருந்து மட்டும் ஊத்தணும், ரெண்டு பக்கமும் ஊத்துனா காத்து நடுவுல மாட்டிக்கும். ரப்பர் சுத்தியால தட்டிகிட்டே ஊத்துனா எதிர்ப்பக்கம் குமிழ் குமிழா வந்து அப்புறம் பால் எட்டிப் பாக்கும், அங்க நிறுத்திடலாம். மேல முக்கால் இஞ்ச் பாயிண்டிங்குக்கு விட்டு வைக்கணும். எவ்வளவு ஊத்துனாலும் நிரம்பலைன்னா நிறுத்திடுங்க, கீழ எலி வளையோ பைப் லீக்கோ இருக்கலாம், கல்ல எடுத்துப் பாக்குறதுதான் வழி.

ரெண்டு நாள் விட்டு திரும்ப தட்டிப் பாத்துட்டு 1:3 கலவையில கெட்டியா அமுக்கி பாயிண்டிங் பண்ணுங்க, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைங்க. கல்லு மேல சிந்துன பாலை அப்பவே ஸ்பாஞ்சால துடைச்சிடுங்க. காஞ்ச பிறகு ஆசிட் ஊத்தவே ஊத்தாதீங்க, கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, ஆசிட் பட்டா பொங்கி மேல்பரப்பு அரிச்சு வெளுத்துடும்.