தவளைத் தொட்டியில் துள்ளும் வெண்புள்ளிகள்

கேள்வி: கண்ணாடித் தொட்டி ஒன்றில் மரத்தவளை வளர்க்கிறேன். அடியில் தேங்காய் நார்த்தூளும் அதன்மேல் பாசியும் பரப்பியிருக்கிறேன். இரண்டு வாரங்களாகத் தண்ணீர்க் கிண்ணத்தில் உப்பைத் தூவியது போல வெண்ணிறப் பூச்சிகள் மிதக்கின்றன. விரலை அருகில் கொண்டுபோனால் துள்ளுகின்றன. தவளை தின்னாமல் விட்ட சில்வண்டு ஒன்று செத்துக் கிடந்தது. அதன்மேலும் பழுப்புப் புள்ளிகள் மொய்த்திருந்தன. இவை தவளையின் இரத்தத்தை உறிஞ்சுமா? பூச்சிமருந்து தெளிக்கலாமா?

பதில்: மருந்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே தொட்டியில் தெளிக்கும் நஞ்சு பூச்சியை மட்டுமன்றித் தவளையின் உடலுக்குள்ளும் போய்ச் சேரக்கூடும்.

நீங்கள் பார்த்தவை இரு வேறு உயிர்கள் என்றே எண்ணுகிறேன். கிண்ணத்தில் துள்ளுபவை பெரும்பாலும் ஸ்பிரிங்டெயில்கள். இவற்றுக்கு ஆறு கால்கள் உண்டு; நீளம் பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை. வயிற்றின் அடியில் கவை போன்ற ஓர் உறுப்பு மடிந்து, சிறு கொக்கி ஒன்றில் மாட்டப்பட்டிருக்கும். அபாயம் என்று உணர்ந்தால் கொக்கி விடுபட, கவை தரையை உதைத்து உடலைத் தூக்கி எறிந்துவிடும். எங்கே போய் விழுவோம் என்பது அதற்கே தெரியாத பாய்ச்சல் அது. உடலில் நீர் ஒட்டாததால் தண்ணீரில் மூழ்காமல் மிதக்கின்றன. பூஞ்சணத்தையும் மட்கும் இலைகளையும் தின்னும் இவற்றைத் தொட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வாங்கி விடுபவர்களும் உண்டு. தவளைக்கு இவற்றால் தீங்கில்லை. சிறிய தவளைகள் இவற்றைத் தின்றும்விடும்.

செத்த சில்வண்டின் மேல் மொய்த்தவை உண்ணி இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் (நாய், மாடுகளில் ஒட்டும் பெரிய உண்ணிகள் அல்ல, mite எனப்படும் நுண்ணிய வகை). ஐயம் தீர, அந்தச் சில்வண்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டி, உதிர்பவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். உருண்டையான உடலும் எட்டுக் கால்களும் இருந்து, துள்ளாமல் ஊர்ந்தால் அவை உண்ணிகள்தாம். ஆனால் உண்ணியின் இளம்பருவத்திலும் ஆறு கால்களே இருக்கும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் நடையையும் கவனிக்க வேண்டும். இவற்றிலும் மிகப் பெரும்பாலானவை அழுகலைத் தின்பவையே. அளவுக்கு மீறிப் பெருகினால் தவளைக்கு அமைதியின்மை உண்டாகலாம் என்பதால், மிச்ச இரையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு வெள்ளரித் துண்டை வைத்து, காலையில் அதில் ஏறியிருப்பவற்றோடு வெளியே எறிவதும் பயன் தரும்.

அதற்கும் அடங்காவிட்டால், ஈரக் காகிதத்துண்டு விரித்த ஒரு டப்பாவுக்குத் தவளையை மாற்றி, பழைய நார்த்தூளை முழுவதும் கொட்டிவிட்டு, தொட்டியை வெந்நீரால் கழுவிக் காயவிடுங்கள். சோப்பு வேண்டாம். குளோரின் நீக்கிய தண்ணீரையே கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் தொட்டியன்று, தவளையின் உடல். வயிற்றுப் பக்கத்திலோ தொடையிலோ தோலுக்கடியில் செம்மஞ்சள் நிறச் சிறு முடிச்சுகள் தென்பட்டால் அவை ஒட்டுண்ணிகளாக இருக்கலாம். காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட தவளைகளில் இவை காணப்படுவதுண்டு. அவற்றைப் பிடுங்கவோ கீறவோ முயலாமல், ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தவளையைக் காட்டுங்கள். செத்த சில்வண்டின் மேலிருந்தவற்றில் சிலவற்றை மூடியுள்ள சிறு குப்பியில் போட்டு, உடன் எடுத்துச் செல்லுங்கள்.