அவசரத்தில் வைத்த பை: கழுவி விட்டிருக்கலாமா, அப்போதே இணைத்திருக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் (மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள வளைவு) டைவர்டிகுலைட்டிஸ் (குடல் சுவரின் சிறு பிதுக்கங்களில் வரும் அழற்சி) முற்றிக் குடல் வெடித்து, இரண்டு மாதத்துக்கு முன் இரவோடு இரவாக அறுவை செய்தார்கள். ஒரு பகுதியை அகற்றி, வயிற்றின் இடப்பக்கம் மலம் சேரும் பை வைத்திருக்கிறார்கள். ‘லேப்ராஸ்கோப்பில் வயிற்றைக் கழுவி விட்டிருந்தாலே போதும், இல்லாவிட்டால் அப்போதே குடலை இணைத்திருக்கலாம்’ என்கிறார் உறவினர். உண்மையா? பையை எப்போது எடுக்கலாம்?

பதில்: இடப்பக்கம், தோலில் குடலின் ஒரே வாய், ஓரளவு கெட்டியான மலம் என்றால் நடந்தது ஹார்ட்மன் அறுவைதான். பிரான்சின் ஆன்ரி ஹார்ட்மன் 1921இல் புற்றுநோய்க்காக முன்வைத்த முறை அது. கெட்டுப்போன சிக்மாய்டை அகற்றி, மேல்முனையைத் தோலுக்குக் கொண்டுவந்து, மலக்குடலின் முனையை மூடி உள்ளேயே விட்டுவிடுவார்கள். குடலோடு குடலை இணைக்காததால் இணைப்பு பிய்ந்து கசியும் ஆபத்து இல்லை.

உறவினர் சொல்லும் இரண்டு வழிகளும் ஒரே தரத்தவை அல்ல. முதலில் கழுவும் முறை. வயிற்றில் சீழ் மட்டும் பரவியிருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். மலமே கொட்டியிருந்தால் கழுவிவிட்டு வரக் கூடாது. சீழாகவே இருந்தாலும், பல லிட்டர் உப்புநீரால் அலசி வடிகுழாய் வைக்கிறார்களே தவிர, நோயுள்ள குடல் அங்கேயே இருக்கிறது. ஓட்டை தானாக அடைபடாவிட்டால் கசிவு தொடரும். சுவீடன், நார்வே மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான ஸ்கேன்டிவ் ஆய்வில், மலம் கொட்டாதவர்களில் கழுவப்பட்டோருக்கு 20.3 சதவீதமும் குடல் அகற்றப்பட்டோருக்கு 5.7 சதவீதமும் மறு அறுவை தேவைப்பட்டது. கழுவப்பட்டவர்களில் நான்கு பேரின் சிக்மாய்டில் புற்றுநோய் இருந்தது அப்போது தெரியாமலே போனது. பை இல்லாமல் தப்பிக்கும் வாய்ப்பு இதில் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் ‘கழுவினாலே போதும்’ என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழியில் உறவினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிக்மாய்டை அகற்றி, அப்போதே குடலை மலக்குடலோடு இணைத்து, தேவைப்பட்டால் பாதுகாப்புக்காக வலப்பக்கம் சிறுகுடலில் தற்காலிகப் பை வைக்கலாம். பல நோயாளிகளுக்குப் பை இரண்டு முறையிலும் உண்டு. வேறுபாடு அதை எடுப்பதில்தான். சிறுகுடல் பையை மூட, பெரும்பாலும் அந்த வாயைச் சுற்றியே வெட்டினால் போதும். ஹார்ட்மனை மீட்க, வயிற்றுக்குள் மறுபடி இறங்கி, குடல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுகளைப் பிரித்து, மலக்குடல் முனையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் பலருக்கு அது நடப்பதே இல்லை. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட லேடீஸ் ஆய்வின் 2019 முடிவில், ஓராண்டில் பையில்லாமல் உயிரோடிருந்தவர்கள் உடனே இணைத்தோரில் 94.6 சதவீதம், ஹார்ட்மனில் 71.7 சதவீதம். ஆகவே ரத்த அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு, மலம் கொட்டியிருந்தாலும்கூட, அனுபவமுள்ள கை கிடைத்தால் இணைப்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

ஆனால் அந்த இரவில் அப்பாவின் நிலை என்ன? டிஸ்சார்ஜ் சம்மரியில் நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து) ஓடியது, லாக்டேட் (உடலுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் அளவு) உயர்ந்தது, சிறுநீரகம் சுணங்கியது என்று எழுதியிருந்தால் ஹார்ட்மன் சரியான முடிவு. ரத்த ஓட்டம் குன்றிய, வீங்கிய குடலில் போடும் இணைப்பு பிய்ந்துபோகும். ஸ்டீராய்டு எடுப்பவர், நோய் எதிர்ப்பு குன்றியவர் போன்றோருக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம். (மிக மோசமான நிலையில் கெட்ட துண்டை மட்டும் எடுத்து முனைகளை ஸ்டேப்பிளால் மூடிவிட்டு, 24 முதல் 48 மணி நேரம் ஐசியுவில் தேற்றி, மறுபடி திறந்து முடிவெடுப்பதும் உண்டு.)

பையை எடுத்துக் குடலை இணைக்கும் மீட்பு அறுவைக்கு வருவோம். வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் காத்திருப்பார்கள். அதற்குள் அழற்சி தணிந்து ஒட்டுகள் இளகும். முதலில் பயாப்ஸி அறிக்கையை வாங்கிப் பாருங்கள். அதில் புற்றுநோய் இல்லை என்று இருக்க வேண்டும். பையின் வாய் வழியாகக் கொலோனோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாக மலக்குடல் முனையைப் பார்க்கும் ஸ்கோப்பி, இரண்டும் வேண்டும். ஆசனவாய்த் தசையின் பிடிமானத்தைச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். பிடிமானமே இல்லாதவருக்கு இணைத்தால் பையைவிடப் பெரிய தொல்லை. ஹீமோகுளோபின், ஆல்புமின், சர்க்கரை மூன்றும் சீராக வேண்டும். புகைப்பவரென்றால் இன்றே நிறுத்தட்டும்.

அறுவை மருத்துவரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: ‘சிக்மாய்டின் கீழ்ப்பகுதி மிச்சம் இருக்கிறதா?’ அவசரத்தில் கொஞ்சம் விட்டிருப்பது சகஜம். மீட்கும்போது அதையும் எடுத்துவிட்டு, மலக்குடலின் மேற்பகுதியில் இணைக்க வேண்டும். சிக்மாய்டிலேயே இணைத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. மேற்பக்கம் எல்லா டைவர்டிகுலங்களையும் (அந்தச் சிறு பிதுக்கங்களை) எடுக்கத் தேவையில்லை. தடிப்பில்லாத மெத்தென்ற குடல் கிடைத்தால் போதும். அது எட்டாவிட்டால் மண்ணீரல் பக்கத்துப் பெருங்குடல் வளைவை விடுவித்து இறக்குவார்கள். இழுத்துப்பிடித்த இணைப்பு நிற்காது.

அதுவரை ஆசனவாய் வழியே அவ்வப்போது சளி போவது இயல்பு, பயப்பட வேண்டாம். காய்ச்சலோடு சீழோ ரத்தமோ வந்தால், பையின் வாய் கறுத்தால், ஒரு நாள் முழுக்க மலமும் வாயுவும் வராமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.