பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறதா? அளக்காமல் டிஸ்க்கை மாற்றாதீர்கள்

கேள்வி: ஆறு வருடமான ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். ஏற்காடு போய் வந்த பிறகு, 80 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. முன்பக்க டிஸ்க் இரண்டும் வளைந்துவிட்டன, பேட், காலிப்பர் எல்லாம் மாற்ற 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதே பணம் கட்டாதீர்கள். வளைந்துவிட்டது என்று சொன்னவரிடம், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியவில்லையென்றால் அவர் அளக்கவே இல்லை.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் கனமான வார்ப்பிரும்புத் தட்டு. காலிப்பர் என்ற பிடி, பேட் என்ற கட்டைகளை அதன் இரண்டு பக்கமும் அழுத்தித்தான் வண்டியை நிறுத்துகிறது. ஒரு மலை இறக்கத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடாது. பெரும்பாலும் நடப்பது வேறு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறோம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்கிறோம். கொதிக்கிற பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒட்டிவிடும். அப்புறம் டிஸ்க் முழுக்க ஒரே தடிமனாக இருக்காது. 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கைக்கு ஆட்டம் தெரியும்.

முதலில் சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றி, டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டிஸ்க்கை மாட்டி, டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்து, சுழலும்போது டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்பதையும், மைக்ரோமீட்டரில் ஏழெட்டு இடத்தில் தடிமனையும் அளக்க வேண்டும். டிஸ்க்கின் இந்த ஆட்டத்துக்கான வரம்பு பல கார்களில் 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள்தான். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை, இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

காலிப்பர் விஷயத்தில் உஷார். பிரேக் ஆயில் கசிவோ, பேடைத் தள்ளும் பிஸ்டனில் இறுக்கமோ இல்லாவிட்டால், காலிப்பர் நகர உதவும் பின்களைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போட்டாலே போதும். மாற்றினால்தான் கேரண்டி என்பவர் உங்களுக்காகப் பேசவில்லை, கமிஷனுக்காகப் பேசுகிறார்.

தடிமன் மிச்சம் இருந்தால் லேத்தில் லேசாகச் சீவிக்கொள்ளலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். டிஸ்க்கில் அங்கங்கே கருநீலத் திட்டுகள் இருந்தால் சீவ வேண்டாம். கடும் சூட்டில் அந்த இடத்து இரும்பின் தன்மையே மாறி, மற்ற இடத்தைவிடக் கெட்டியாகியிருக்கும். அந்தக் கெட்டி உள்ளேயும் இறங்கியிருக்கும். சீவின அன்று பிரேக் மிதித்தால் ஆட்டமே தெரியாது. ஓட ஓட, சுற்றியுள்ள இரும்பு தேய, திட்டு தேயாமல் மேடாக நிற்கும், பழைய ஆட்டம் திரும்ப வரும். லேத்காரர் இன்னொரு தடவை சீவித் தருகிறேன் என்பார். திட்டு இருந்தால் டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். விரிசல் கண்ணில் பட்டாலும், பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலும், அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

இன்னொரு பெரிய வில்லன் டயர் கடை ஏர் கன். நட்டை இஷ்டத்துக்கு இறுக்கினால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்துவிடும். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால், கார் கையேட்டில் உள்ள அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். பல கடையில் அது இருப்பதே இல்லை, யாரும் கேட்பதும் இல்லை. சொந்தக் காருக்கு 15 வருடம் வரை எஃப்.சி. (தகுதிச் சான்று) பரிசோதனை கிடையாது. சர்வீஸ் பில்லில் பாலிஷுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. டிஸ்க் தடிமனை எழுத ஒரு கட்டம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அளவைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பேட் புதிதாகப் போட்டால், காலிச் சாலையில் 60-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை மிதமாக பிரேக் பிடியுங்கள். இடையில் முழுசாக நிறுத்தக் கூடாது. பிறகு சில கிலோமீட்டர் பிரேக் போடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். இனி மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள்.