புதுச்சேரியில் நல்ல இத்தாலிய உணவகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். பாண்டிச்சேரி என்றாலே பிரெஞ்சுதானே, அங்கே இத்தாலிய சாப்பாடு நன்றாக இருக்குமா? பீட்சா தவிர வேறு எதையும் சாப்பிட்டிராத அப்பா அம்மாவை அழைத்துப் போனால் என்ன வாங்குவது?

நான் கடலூர், மஞ்சக்குப்பம். மூன்று வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு பாண்டிச்சேரிக்குப் போய் ஏதாவது ஒரு இத்தாலியக் கடையில் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பெரும்பாலும் நானும் மனைவியும், சில முறை அப்பா அம்மாவும். ஒயிட் டவுன், மிஷன் வீதி, ஈ.சி.ஆர்., ஆரோவில் பக்கம் என்று பதினைந்து இடமாவது பார்த்திருப்போம்.

முதல் கேள்விக்கு என் பதில்: நன்றாகவே இருக்கும். முக்கியமான காரணம் சீஸ். மொசரெல்லா புதிதாக இருக்கும்போதுதான் அதன் பால் மணம் தெரியும். ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்ற பண்ணையில் அதை இங்கேயே செய்கிறார்கள். ஆரோவில்லில் குடியிருக்கும் இத்தாலியர்களும் உண்டு. தங்கள் ஊர்ச் சாப்பாட்டின் ருசி தெரிந்தவர்கள் வந்து சாப்பிடும் ஊரில் சமையல்காரர் ஏனோதானோ என்று செய்துவிட முடியாது.

ஆனால் எல்லாக் கடையும் ஒன்றல்ல. மெனு கார்டு தடிமனைப் பார்த்து மயங்காதீர்கள். புதுக் கடைக்குப் போனால் நாங்கள் முதலில் கேட்பது இரண்டே இரண்டுதான்: ஒரு மார்கரீட்டா பீட்சா, ஒரு ஆலியோ எ ஓலியோ. இந்த இரண்டிலும் ஒளித்துவைக்க இடமே இல்லை.

மார்கரீட்டாவில் இருப்பது தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். (பேசில் வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான்.) இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறைப்படி விறகு அடுப்பு 485 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 நொடி. அந்தச் சூட்டில் ஓரம் உப்பி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழும். நடுப்பகுதி மெத்தென்று தொய்ந்து நிற்கும். கருகிவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கருகல் இல்லை, அடுப்பு சரியாகக் காய்ந்ததன் அடையாளம். நேப்பிள்ஸ்காரர்களின் இந்தக் கைத்தொழிலை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆலியோ எ ஓலியோ என்றால் பூண்டும் எண்ணெயும். ஸ்பகெட்டி என்ற நீளமான பாஸ்தாவை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டுவது. நம் தாளிப்புதான், கடுகு மட்டும் இல்லை. பூண்டு வெளிர்பொன் நிறத்தில் நிற்க வேண்டும், சிவந்துவிட்டால் கசக்கும். பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து இறங்கியிருக்கும், நம் வடிகஞ்சி போல. தெரிந்த சமையல்காரர் அதில் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயோடு சேர்த்து அடிப்பார். இரண்டும் கலந்து ஸ்பகெட்டி மேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டு முடித்த தட்டில் எண்ணெய் தனியாகக் குளம் கட்டி நின்றால் அந்தக் கடைக்கு நாங்கள் மறுபடி போவதில்லை.

அப்பாவை முதல் முறை கூட்டிப் போனபோது ரிசோத்தோ வாங்கினேன். ஆர்போரியோ மாதிரி குண்டு அரிசியைச் சூடான சாறு ஊற்றி ஊற்றிக் கிளறி எடுப்பது. பார்த்தால் வெண்பொங்கல். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "தம்பி, அரிசி நடுவுல வேகலையே" என்றார் பரிமாறிய பையனிடம். அவன் உள்ளே போய்ச் சொல்ல, சமையல்காரரே வெளியே வந்தார். சுற்றியுள்ள குழம்பு குழைந்திருக்க வேண்டும், அரிசி மட்டும் பல்லில் லேசாகத் தட்டுப்பட வேண்டும், அதுதான் பதம் என்று பொறுமையாகச் சொன்னார். பாஸ்தாவுக்கும் அதே பதம்தான். அப்பா முழுசாகச் சாப்பிட்டார். பொங்கல்தான் உசத்தி என்று இன்றும் சொல்வார், அது வேறு. ஆகவே பெரியவர்களோடு போகும்போது இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. பெயர் வேண்டாம். கார்போனாரா கேட்டேன். அது ரோம் நகரத்துப் பாஸ்தா: முட்டை, பெக்கோரீனோ சீஸ், பன்றித் தாடை இறைச்சி, மிளகு. பாஸ்தாவின் சூட்டிலேயே முட்டை திரியாமல் கெட்டியாக வேண்டும், வித்தை அதில்தான் இருக்கிறது. எனக்கு வந்ததோ கிரீமில் மிதக்கும் சிக்கன். கேட்டதற்கு, "நம்ம ஆளுங்களுக்கு இதான் சார் பிடிக்கும்" என்றார்கள். மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் தட்டிப் போட்டு ரசம் வைத்துச் சாப்பிடுகிற ஆட்கள் நாம். நாலு பொருளில் ஒரு ருசியைப் பிடிக்க நமக்கா தெரியாது?

அந்த வருத்தம் தீர்ந்தது வேறொரு கடையில், காச்சோ எ பேப்பே சாப்பிட்டபோது. பாஸ்தாவில் சீஸும் மிளகும் மட்டும். இதுவும் ரோம் நகரத்துடையதுதான். நாங்கள் பாண்டிக்கு வரும் வழியில்தான் அரியாங்குப்பம், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரோமானியர் காலத்துத் துறைமுகமான அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு மட்பாண்டத் துண்டுகளும், ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளும் கிடைத்த இடம். அந்தச் சரக்கு கப்பலில் வந்த காலத்தில் ரோமானியர்களிடம் தக்காளி கிடையாது, நம்மிடம் மிளகாய் கிடையாது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்பாடு வந்தவை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த காரங்களில் முக்கியமானது மிளகு. அந்தத் தட்டைச் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த மேடுதான் நினைவுக்கு வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அசல் பார்மசான் சீஸில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும். பச்சை நிற பெஸ்டோ சாஸிலும் அந்தச் சீஸ் உண்டு. புரட்டாசியில் அம்மாவைக் கூட்டிப் போனால் எந்தச் சீஸ் என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் சொல்வேன். செடியிலிருந்து எடுக்கும் உறைபொருளில் செய்த சீஸ் வைத்திருக்கும் கடைகள் உண்டு. காபி சேர்த்துச் செய்யும் இத்தாலிய இனிப்பான திராமிசுவிலும் வழக்கமாக முட்டை இருக்கும்.

சரி, உங்கள் அப்பா அம்மாவுக்கு: நாலு பேருக்கு ஒரு மார்கரீட்டா, ஒரு ஆலியோ எ ஓலியோ, ஒரு ரிசோத்தோ வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். பிறகு ஒரு திராமிசு. அதில் இறங்கியிருக்கும் கெட்டிக் காபி, டிகாக்ஷன் குடித்து வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். அப்பாவுக்கு மறக்காமல் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக் கொடுங்கள், ஃபோர்க்கோடு அவரை மல்லுக்கட்ட விட வேண்டாம்.