பிசாசின் வாக்குமூலம்

பிரதருக்கு ஸ்தோத்திரம்,

உங்கள் வேதாகமக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் தம்பிக்கு 19 வயது. பத்தாவது படிக்கும்போதிருந்தே வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிட்டு வந்தான். போன மாதம் சபை உபவாச ஜெபத்தில் கீழே விழுந்து, குரல் மாறி ஏதேதோ பேசினான். பாஸ்டர் பிசாசு என்றார். யார் அனுப்பியது என்று திரும்பத் திரும்பக் கேட்டதில் எங்கள் சித்தி பேரைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா சித்தியோடு பேசுவதில்லை. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று பாஸ்டர் கேட்டதால் அதையும் நிறுத்திவிட்டார்கள். பிசாசு பிடிப்பதெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துபோனது என்கிறாள் வேறு சபைக்குப் போகும் என் தோழி. இன்றைக்கும் பிசாசு பிடிக்குமா? வேதம் என்ன சொல்கிறது?

(பெயர் வேண்டாம்)

அன்பு சகோதரிக்கு,

முதலில் தம்பியைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போடுங்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்களாகப் பழைய அளவில் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிசாசு பிடிப்பது இன்றும் நடக்கலாம் என்றுதான் நான் வேதத்தை வாசிக்கிறேன். உங்கள் தோழி சொல்வதும் காற்றில் வந்த பேச்சு அல்ல. நிருபங்கள் எதிலும் பிசாசைத் துரத்துவது எப்படி என்று ஒரு வரி கிடையாது, யோவான் சுவிசேஷத்தில் இயேசு ஒரு பிசாசைக்கூடத் துரத்துவதில்லை, பழைய ஏற்பாட்டில் சவுலை விட்டால் தேடத்தான் வேண்டும். ஆனால் இன்ன காலத்தோடு முடிந்தது என்றும் வேதம் எங்கேயும் சொல்லவில்லை. பிசாசானவன் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறான் என்று பேதுரு எழுதியது சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் பிறகுதான்.

அதனால் உங்கள் தம்பிக்கும் அதுதான் என்று ஆகிவிடாது. பாஸ்டர் மாற்கு 9-ஐக் காட்டலாம்: அந்தப் பையன் நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான், தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான், பார்த்தால் வலிப்பேதான், இயேசுவோ ஆவியை அதட்டுகிறார். உண்மை. அங்கே ஆவி இருந்தது அவருக்குத் தெரிந்தது. ஆனால் மத்தேயு 4:24-ஐயும் கூடவே வாசிக்கச் சொல்லுங்கள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்புக்காரர்), திமிர்வாதக்காரர் (பக்கவாதக்காரர்) என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. லூக்கா 13-இல் 18 வருஷம் கூனியாயிருந்த பெண்ணுக்கு ஆவி காரணம் என்று எழுதிய அதே லூக்கா, 5-ஆம் அதிகாரத்தில் கூரை வழியாக இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் ஆவியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்துக்கே நோய் வேறு, பிசாசு வேறு என்று தெரிந்திருக்கிறது. இன்னொன்று, உபவாசம் என்று அன்று காலை மாத்திரையையும் விட்டானா? முந்தின இரவு முழு இரவு ஜெபமா? மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கிளப்பிவிடும், வலிப்பு முடிந்த கையோடு சிலர் குழம்பிப்போய் சம்பந்தமில்லாமல் பேசுவதும் உண்டு.

எனக்குக் கோபம் வந்தது சித்தி விஷயத்தில்தான். கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் அசுத்த ஆவி வாயைத் திறந்ததும் இயேசு சொன்னது, “நீ பேசாமல் இவனை விட்டுப் புறப்பட்டுப்போ.” அன்று சாயங்காலமும் பிசாசுகளைப் பேச அவர் விடவில்லை என்று மாற்கு எழுதுகிறார். கதரேனர் நாட்டில் ஒரு மனுஷனைப் பிடித்திருந்த லேகியோன் என்ற பிசாசுக் கூட்டத்திடம் மட்டும் பேர் கேட்டார், அதுவும் ஒரே தடவை. யார் அனுப்பினது, யார் செய்வினை வைத்தது என்று அவர் கேட்டதாக நான்கு சுவிசேஷத்திலும் இல்லை. பிலிப்பியில் குறிசொல்லும் பெண் பவுலைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம், இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்றுதான் கத்திக்கொண்டு வந்தாள். அந்த நிஜமான சாட்சியையும் பவுல் பொறுக்கவில்லை, அவளுக்குள் இருந்த ஆவியைத் துரத்திவிட்டார். பொய்க்குத் தகப்பன் என்று யோவான் 8:44 யாரைச் சொல்கிறதோ, அவன் தரப்பு ஆளிடம் மைக்கை நீட்டி வாக்குமூலம் வாங்கி, அதை நம்பி ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கிறோம். பேசியது பிசாசு என்றால் அது சொன்னதை நம்பக் கூடாது. பேசியது தம்பி என்றால், களைத்துப்போன பையன் விட்டால் போதும் என்று வீட்டில் ஏற்கெனவே அடிபட்ட ஒரு பேரைச் சொல்லியிருக்கிறான். எப்படிப் பார்த்தாலும் சித்தி மேல் குற்றம் இல்லை.

விடுதலைக் கூட்டங்களில் நானும் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் பின்னாலிருந்து பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருப்பார், விழுந்தால் கால்மேல் போட இரண்டு அக்காமார் துணியோடு தயாராக நிற்பார்கள், கேமரா கிட்டே வந்த பிறகுதான் “போறியா இல்லையா” என்று ஆரம்பிப்பார்கள். மாற்கு 9:25 நேர்மாறாக இருக்கிறது. ஜனங்கள் கூட்டமாய் ஓடிவருகிறதைக் கண்டு இயேசு ஆவியை அதட்டி, சட்டென்று காரியத்தை முடிக்கிறார். ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர் இயேசுவின் நாமத்தைச் சும்மா ஒரு மந்திரமாக எடுத்தபோது, பிசாசு பிடித்தவன் “நீங்கள் யார்” என்று கேட்டு அவர்களை உதைத்து அனுப்பிய கதை அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது.

சட்டதிட்டத்தோடு செய்தால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியில் அன்னலீஸ் மிகேல் என்ற மாணவி. வலிப்பு என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள், வருஷக்கணக்கில் சிகிச்சையும் எடுத்தாள். கத்தோலிக்கச் சட்டப்படி ஆயரின் அனுமதி வாங்கியே இரண்டு குருக்கள் சுமார் பத்து மாதத்தில் 67 தடவை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். 1976 ஜூலையில், 23 வயதில், சாப்பாடும் தண்ணீரும் இல்லாத உடம்போடு செத்துப்போனாள், எடை ஏறக்குறைய 30 கிலோ. 1978-இல் பெற்றோருக்கும் இரண்டு குருக்களுக்கும் தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது நீதிமன்றம். அவர்கள் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்தியோடுதான் செய்தார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. நம் பக்கம் 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோனார்கள். அது தர்கா ஊர், நமக்கென்ன என்று சொல்ல முடியாது. கதரேனர் நாட்டிலும் லேகியோன் பிடித்த அந்த மனுஷனைச் சங்கிலியால் கட்டிப்பார்த்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். இயேசு அங்கே வந்து ஆவியைத் துரத்தியபிறகு அவன் உடை உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான்.

பாஸ்டரிடம் சண்டை போடவேண்டாம். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், யாக்கோபு 5:14 சொல்கிறபடி எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், மாத்திரை மேசைமேலேயே இருக்கட்டும். மைக் வேண்டாம், தம்பியிடம் எந்தக் கேள்வியும் கேட்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்ச நாளைக்குத் தம்பியை அந்த உபவாசக் கூட்டத்துக்கு அனுப்பாதீர்கள், ஞாயிறு ஆராதனை போதும். சித்தி வீட்டுக்கு அம்மா இப்போதைக்கு வரமாட்டார்கள் என்றால் நீங்கள் மட்டுமாவது இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.