வேலியோரப் புதர் உண்ணிச்செடிதானா? கேள்வி பதில்

ஏற்காட்டு வாசகர்: எங்கள் வேலியோரப் புதரில் ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூ. இரண்டு செடி பின்னிக்கொண்டதா?

ஒரே செடிதான் ஐயா, உண்ணிச்செடி. விரியும்போது மஞ்சள், மகரந்தச் சேர்க்கை ஆனபின் ஆரஞ்சு, சிவப்பு. ஓரத்துப் பூக்கள் முந்தி விரிவதால் சிவப்பு வெளியே, மஞ்சள் நடுவே. ஆனால் நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பூப்பதும் உண்டு. தண்டைத் தொட்டுப் பாருங்கள்: நாலு பட்டை, பெரும்பாலும் வளைந்த முள். இலைகள் எதிரெதிரே இருக்கும். ஓரம் ரம்பப் பல், மேல்புறம் சொரசொரப்பு. ஒரு இலையைக் கசக்குங்கள். அந்தக் காட்டமான வாடை தெரிந்துவிட்டால் அப்புறம் யாரையும் கேட்க வேண்டாம்.

இன்னொருவர்: இட்லிப்பூவும் இப்படித்தானே இருக்கிறது?

தூரத்தில் அப்படித்தான் தெரியும். இட்லிப்பூ இலை வழவழப்பு, ஓரத்தில் பல் கிடையாது, முள்ளும் இல்லை.

கோவை வாசகி: நர்சரியில் வாங்கியது ஊதாப்பூ, கொடிபோல் தொங்குகிறது, முள் இல்லை. இதுவும் அதுதானா?

அதே பேரினம், வேறு இனம். தென் அமெரிக்காவின் லன்டானா மான்டிவிடென்சிஸ். தொட்டியிலேயே வையுங்கள்.

கூடலூர் இளைஞர்: காடு முழுக்க இதுதான். நம்ம ஊர்ச் செடி இல்லையா?

இல்லை தம்பி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். கருநீலப் பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவியும் மைனாவும் விதையைப் பரப்பின. இது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பது கடினம். மான் எதை மேயும்?

தாளவாடி விவசாயி: மாடு தின்றால்?

ஆபத்து. ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்துபோகும். உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் பச்சைக்காயைத் தின்னவிடாதீர்கள், அதுவும் நஞ்சு.

அதே விவசாயி: வெட்டினால் போகுமா?

வெட்டினாலும் கொளுத்தினாலும் தூரிலிருந்து துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். மழைக்குப்பின் நாற்று முளைக்கும், அதையும் பிடுங்க வேண்டும். வெட்டிய குச்சியை வீணாக்காதீர்கள். கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் இதில் நாற்காலி முடைகிறார்கள். நீலகிரிப் பழங்குடியினர் இதில் செய்த நிஜ யானை அளவுச் சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.